கழுவிய டிஸ்க்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையிலிருந்து நான் நின்று எட்டு மாதம் ஆகிறது. இப்போது அங்கே கம்ப்யூட்டர்களுக்கான சிஸ்டம் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இருவரும் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் வேலூரில் இஞ்சினியரிங் படித்தவர்கள். லேபில் இருக்கும் பழைய சிஸ்டத்தின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. "என்ன கெட்டாலும் முதலில் டிஸ்கைக் கழற்றித் தனியாக வை" என்று அதில் என் கையெழுத்தில் இருக்கும். அது எதற்கு என்று கேட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. இரண்டு பேர் முன்னாலும் வராது. "எழுதியாவது குடுங்கண்ணா" என்றார்கள். எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

படிப்பு எனக்கு ஐந்தாவதோடு சரி. முதலில் டிரம் பிரிவில் வேலை. டிரம் என்றால் ஓர் அறை அளவுக்குப் பெரிய மர உருளை. தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டுச் சுற்றவிடுவோம். தோல் பதமாவதும் சாயம் ஏறுவதும் அதில்தான். பிறகு எலக்ட்ரீஷியனுக்கு உதவியாள் ஆனேன். தொண்ணூறுகளின் நடுவில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சீலிங்குக்கு மேலே ஊர்ந்துபோய் வயர் இழுக்கிற அளவுக்கு ஒல்லியாக இருந்தவன் நான்தான். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

டேனரிக் காற்று செம்பைக் கறுக்கவைக்கும். புது வயரின் முனை ஆறு மாதத்தில் கரிபோல ஆகிவிடும். சிஸ்டம் எழும்பவில்லை என்று கூப்பிட்டால், பாதி நாள் மெமரிக் கட்டையைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் அதன் பல் வரிசையைத் தேய்த்துத் திரும்ப மாட்டினால் போதும். எழும்பிவிடும். இதில் எனக்கு நல்ல பேர் இருந்தது. என் சட்டைப்பையில் எப்போதும் ரப்பர் இருக்கும்.

ஆங்கிலம் தெரியாது. மானிட்டரில் ஏதாவது செய்தியோடு பெட்டி வந்தால் அதில் இருப்பதை எழுத்து எழுத்தாக நோட்டில் வரைந்துகொள்வேன். அதைப் படித்துச் சொல்வது ஜெயசிங் சார்.

ஜெயசிங் சார்தான் சிஸ்டம் பிரிவுக்குப் பொறுப்பு. வேலூர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கெட்டுப்போன சிஸ்டத்துக்கு முன்னால் போய் நிற்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். கை தானாகக் கீபோர்டுக்குப் போய்விடும் என்று அவருக்குப் பயம். அப்படியே நின்றபடி மூன்று கேள்வி கேட்பார். கடைசியாகத் தொட்டது யார்? அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பெட்டியில் என்ன எழுதியிருந்தது? மூன்றுக்கும் பதில் ரிஜிஸ்டரில் ஏறிய பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்காருவார். "டாக்டர் வந்ததும் கத்திய எடுக்கிறானா மணி? மொதல்ல கேக்குறான், எழுதுறான்" என்பார். நான் தலையாட்டுவேன். அவர் இல்லாத நாட்களில் நேராக ரப்பரை எடுப்பேன்.

லேப் என்பது சாயத்துக்கான சோதனை அறை. அங்கே ஸ்டெல்லா என்ற பெண் வேலை பார்த்தாள். பத்தாவது முடித்தவள், புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு சாயம், எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் டிரம் சுற்ற வேண்டும் என்ற கணக்குக்கு ரெசிபி என்று பெயர். முன்பு அதெல்லாம் டெக்னீஷியன்களின் டைரியில் இருந்தது. ஸ்டெல்லா ஆறு வருஷமாக ஒவ்வொன்றாகச் சோதித்து சிஸ்டத்தில் ஏற்றியிருந்தாள். நிறத்தை அளக்கும் ஒரு வெளிநாட்டுக் கருவி அந்த சிஸ்டத்தோடு சேர்ந்திருந்தது. அதை விற்ற கம்பெனி புதுக் கருவிக்குப் போய்விட்டது. பழைய கருவி பழைய ஓ.எஸ்.ஸில்தான் ஓடும். அதனால் மற்ற சிஸ்டங்களில் வேறு வேறு ஓ.எஸ். வந்தபோதும், லேபில் மட்டும் அதையே வைத்திருந்தோம். அளந்த நிறத்தின் எண்ணை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயிலில் அனுப்ப அதற்கென்று தனியாக ஒரு போன் லைன் கொடுத்திருந்தோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னான்னே தெர்லண்ணா. மெயில் போட ஒக்காந்தா ஒரு பெட்டி வருது. அறுபது, அம்பத்தொம்பதுன்னு எண்ணுது. அப்புறம் தானா அணைஞ்சி எரியுது. ராக்கெட் வுடப் போறானா உள்ள?"

நான் போனபோது சிஸ்டம் எழும்பி நின்றிருந்தது. பெட்டி இல்லை. அன்று வேறு இரண்டு இடத்திலும் கூப்பிட்டிருந்தார்கள். மெமரிக் கட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஓடியது. ரிஜிஸ்டரில் "மெமரி சுத்தம் செய்தது" என்று எழுதினேன். அவள் சொன்ன பெட்டியைப் பற்றி எழுதவில்லை. பார்க்காததை எப்படி வரைவது என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை லேபில் சண்டை. பாலு என்று ஒரு சாய டெக்னீஷியன் இருந்தார். டிரம்மிலிருந்து வந்த தோல், வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரியைவிடச் சிவப்பாக இருந்தது. அவர் லேபுக்கு வந்து, எல்லோரும் பார்க்க மாதிரித் தோலை மேசைமேல் வீசினார்.

"கண்ணு இருக்குதா, கண்ணாடி வாங்கித் தரட்டுமா? இதான் நீ குடுத்த ரெசிபி?"

"ரெசிபி சரியாத்தான் இருக்குது. உங்க ஆளு சூட்ட ஜாஸ்தி வெச்சா நானா பொறுப்பு?"

"பத்தாவது படிச்சிட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா?"

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். "ஆறு வருஷ ரெசிபி என் கையில இருக்குது சார். நான் இல்லன்னா நீங்க இன்னா பண்றீங்கன்னு பாக்கலாம்."

அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். நானும் வாசலில் இருந்தேன்.

வியாழன் காலை அவளே ஓடிவந்து சொன்னாள். ரெசிபி வைத்திருந்த ஃபோல்டர் காலி. ஒன்றுகூட இல்லை. ஃபிளாப்பியில் எடுத்து வைத்ததைப் போட்டுப் பார்த்தோம். பழையது கொஞ்சம் வந்தது, மீதியை அது படிக்கவே இல்லை. ஜெயசிங் சார் அன்று சென்னையில் இருந்தார். போனில் பிடித்தேன். "போன் வழியா வைரஸ் புழு வருதுன்னு ஊரெல்லாம் இதே பேச்சா இருக்குது மணி. போன் வயரப் பிடுங்கு. வேற எதையும் தொடாத. சாயங்காலம் வந்துடுறேன்" என்றார்.

வயரைப் பிடுங்கினேன். அதற்குள் ஜெனரல் மேனேஜர் ரஹ்மான் சாப் வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் இருபது டிரம் அவர் தலைக்குள் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"இன்னாப்பா மணி, மிஷின் எப்போ ஓடும்?"

"சார் சாயங்காலம் வர்றாரு சாப்."

"சாயங்காலம் வரைக்கும் தோலு காத்துக்கிட்டு இருக்குமா? ஷேடு பாக்காம எப்படி அனுப்புறது? ஜல்தி பாரு. உனக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

டிரம் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு லாட் தோல் புள்ளி விழுந்து வந்தால், ஏன் விழுந்தது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. உள்ளே இருக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டு, டிரம்மை மூன்று முறை கழுவுவோம். அடுத்த லாட் கெடக் கூடாது. கெட்ட தண்ணீரை எடுத்து வைத்து என்ன செய்வது? அது சாக்கடைக்குப் போகும். பன்னிரண்டு வருஷம் அப்படியே செய்த கை என்னுடையது. சிஸ்டத்தையும் அப்படியே கழுவினேன். டிஸ்கை ஃபார்மட் செய்து, பழைய சி.டி.யிலிருந்து ஓ.எஸ்.ஸை மறுபடி ஏற்றி, கருவியை இணைத்தேன். மூன்று மணிக்கு ஓடியது. ரஹ்மான் சாப் தோளில் தட்டி "ஷபாஷ்" என்றார். மெயில் அனுப்பப் போன் வயரையும் மாட்டிக் கொடுத்தேன்.

பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். பெட்டி வந்தது. அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நோட்டை எடுத்து வரையத் தொடங்கினேன், பாதியில் அணைந்துவிட்டது. இப்போதுதான் கழுவிய டிஸ்க். யாரும் கீபோர்டைத் தொடவில்லை. ஸ்டெல்லா கையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"பாத்தியாண்ணா? நான் சொன்னனே, இதான்" என்றாள்.

ஐந்து மணிக்கு ஜெயசிங் சார் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பழைய டிஸ்க் எங்க?" என்றார்.

"அதுலயேதான் சார் போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவர் விளக்கினார். அந்த ஓ.எஸ்.ஸுக்குள் வெளிச் செய்திக்காக எப்போதும் காது கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதி உண்டு. வருகிற செய்திக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கியிருப்பார்கள். செய்தி அதைவிட நீளமா என்று அளந்து பார்க்க, எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். நீளமாக வந்தால் பக்கத்து இடத்துக்கு வழியும். "நம்ம சுண்ணாம்புத் தொட்டி நெறஞ்சா பக்கத்துத் தொட்டிக்குப் போவுதில்ல, அப்படி" என்றார். பக்கத்து இடத்தில் இருப்பது சிஸ்டம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. ஆகவே வழிந்து வந்ததையே கட்டளை என்று நினைத்து அது செய்யும். பாஸ்வேர்டு கேட்காது. எங்கோ இருக்கும் ஒருவன், லேப் நாற்காலியில் உட்கார்ந்தவனைப் போல எதையும் பார்க்கலாம், எடுக்கலாம், அழிக்கலாம். வழிவது சரியாகப் பொருந்தாதபோதுதான் சிஸ்டம் தடுமாறி அந்தப் பெட்டியைக் காட்டி அணைகிறது. பொருந்திவிட்டால் பெட்டியே வராது.

"அப்போ ரெசிபி?" என்றேன்.

"வந்தவன் அழிச்சிருக்கலாம். அவன் விட்டுட்டுப் போன அடையாளம் டிஸ்குல இருந்திருக்கும். எந்த நேரத்துல அழிஞ்சதுன்னும் இருந்திருக்கும்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இருந்திருக்கும்" என்று இன்னொரு முறை சொன்னார்.

ஓட்டையை அடைக்க எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. அடைப்பதற்கான பேட்ச் ஏற்கனவே வந்திருந்தது. ஜெயசிங் சார் அதைச் சி.டி.யில் கொண்டுவந்திருந்தார். ஆனால் எங்கள் ஓ.எஸ். அதை ஏற்க மறுத்தது. அதற்கு முன் சர்வீஸ் பேக் என்ற பெரிய திருத்தத் தொகுப்பைப் போட வேண்டும். அதைப் போட்டால் நிறக் கருவி கெட்டது. கருவியோடு ஒரு வெள்ளை ஓடு வரும், காலையில் முதலில் அதை அளந்து சரிபார்ப்போம். சர்வீஸ் பேக் போட்ட பிறகு அந்த வெள்ளை ஓடு சாம்பல் நிறம் என்றது கருவி. வேறொரு டிஸ்கில் நான்கு முறை ஏற்றிப் பார்த்தோம். கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். சர்வீஸ் பேக், கருவியை ஓட்டும் ஒரு டிரைவர் ஃபைலை மாற்றிவிடுகிறது. பெயர் ஒன்று, ஆனால் அளவு வேறு. பழைய அளவை நோட்டில் வரைந்து வைத்திருந்ததால் எனக்கு அது தெரிந்தது. சர்வீஸ் பேக், பிறகு பழைய டிரைவர், பிறகு பேட்ச் என்ற வரிசையில் போட்டதும் வெள்ளை ஓடு வெள்ளையானது. வெளிச் செய்தி உள்ளே வரும், போர்ட் என்கிற கதவையும் மூடினோம். போன் வயரை மாட்டிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து நிமிஷம், அரை மணி, ஒரு மணி. பெட்டி வரவில்லை. அதன் பிறகும் போன் லைனை லேபில் விடவில்லை. ஆபீசுக்கு மாற்றிவிட்டோம்.

என் வேலையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான். சந்தோஷப்படத்தான் முடியவில்லை. மறுநாள் விசாரணை.

ரஹ்மான் சாப் அறையில் ஜெயசிங் சார், பாலு, ஸ்டெல்லா, நான். ஜெயசிங் சார் ஓட்டையைப் பற்றிச் சொன்னார். மற்ற சிஸ்டங்களின் ஓ.எஸ்.ஸில் இந்த ஓட்டை இல்லை, அதனால் அவை பிழைத்தன என்றும் சொன்னார். ரஹ்மான் சாப் பொறுமையாகக் கேட்டார்.

"ஓட்டை இருந்துச்சு, சரி. வியாழக்கிழமை மத்தியானம் ஒருத்தன் வந்தான், அதுவும் சரி, நம்ம மணியே பாத்திருக்கான். ஃபோல்டர் போனது அதுக்கு முன்னாடி. அப்பவும் வந்தான்னு என்ன ருஜு?"

"செவ்வாக்கிழமையே பெட்டி வந்துச்சு சார். அண்ணன்கிட்ட சொன்னேன்" என்றாள் ஸ்டெல்லா.

ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னார்கள். மெமரி சுத்தம் செய்தது. என் கையெழுத்து.

"இன்னாப்பா, பெட்டியப் பாத்தியா நீ?"

"நான் பாக்கல சாப். ஸ்டெல்லா சொல்லிச்சு."

பாலு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம்னு சவால் வுட்டுச்சு, மறுநாளே காணோம். ஓட்டையாம், புழுவாம்" என்றார்.

ரஹ்மான் சாப் என் பக்கம் திரும்பினார். "மிஷினத் தொட்டவன் நீ ஒருத்தன். நீயே சொல்லு. இந்தம்மா செய்யலன்னு சொல்றியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அது செய்யாமயும் நடந்திருக்கலாம் சாப்" என்றேன்.

"செஞ்சும் நடந்திருக்கலாமா?"

அந்த இடத்தில் நான் பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது. அவள் ஆறு வருஷம் உட்கார்ந்து சேர்த்தது அது என்று சொல்லியிருக்கலாம். அழித்தது அவள் என்றால் காலையில் அவளே ஓடிவந்து ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கலாம். டிஸ்கைக் கழுவியது நான், என்னைக் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். இதெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு வரிசையாக வந்தது. அங்கே வந்தது ஒரு வார்த்தைதான்.

"ஆமா சாப்."

ஸ்டெல்லா அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அன்றே அவளிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஜெயசிங் சார் வெளியே வந்து, "நீ பொய் சொல்லல மணி" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்திருப்பார். அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுப் போனார். போகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எல்லாம் ஒரே ஊர் மாதிரிதான். ரெசிபியை அழித்தவள் என்று அவளுக்கு முன்பே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. எந்த லேபிலும் சேர்க்கவில்லை. ஷூ கம்பெனியில் மேல்தோலுக்குப் பசை தடவுகிற வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நிறத்தில் நூல் அளவு வித்தியாசம் இருந்தாலும் சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. பசைக்கு நிறமே கிடையாது. போய்ப் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை.

நான் வேலையிலிருந்து நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், வேலூரில் லாங் பஜாரில் அவளைப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. அவள்தான் முதலில் கூப்பிட்டாள்.

"இன்னாண்ணா, நல்லா கீறியா? இன்னும் ரப்பர் வெச்சிருக்கியா பாக்கெட்ல?"

சிரித்தாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். பெரியவள் நர்சிங் படிக்கிறாள் என்றாள். அதற்குள் ஆட்டோ வந்து நின்றது. ஏறப்போனவள் காலைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறண்ணா. அன்னிக்கு ரஹ்மான் சாப்புக்காகச் சொன்ன, சரி. இப்போ யாரும் இல்ல. நீ சொல்லு. நான் செஞ்சேனா, செய்யலயா?"

"நீ செய்யல" என்றேன். உடனே சொன்னேன். இந்த முறை யோசிக்கவே இல்லை.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. நிறம் ஒத்துவருகிறதா என்று மாதிரித் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அது எப்பிடிண்ணா தெரியும் உனக்கு?" என்றாள்.

டிரைவர் அவசரப்படுத்தினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அதைச் சொல்லியிருக்கக்கூடிய டிஸ்கைக் கழுவியவன் நான். செய்தாளா இல்லையா என்று அவளும் சொல்லவில்லை.